இரவில் திருப்பிவிட யார் இருக்கிறார்?
படுக்கைப் புண்ணைத் தடுக்கும் எளிய சாதனங்கள் பற்றி

பனையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்த சீவல் தொழிலாளி, பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த தாய், இடுப்பெலும்பு முறிந்து எழுந்திருக்க முடியாத முதியவர் ஆகியோரை எமது கிராமங்களில் நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். விபத்திலிருந்தும் நோயிலிருந்தும் தப்பிய இவர்களிற் சிலர், கட்டிலிலும் பாயிலும் கிடந்த நாட்களில் உண்டான புண்ணினால் இறந்துபோகின்றனர். புண்ணின் வழியே கிருமிகள் எலும்பையும் குருதியையும் சென்றடைகின்றன. உயிர் தப்பியவர்களும் மாதக்கணக்கில் வைத்தியசாலையில் கிடக்க நேரிடுகின்றது. தந்தையின் புண்ணுக்கு மருந்து கட்டுவதற்காக மகள் பாடசாலையிலிருந்து நின்றுவிடுகிறாள். மனைவி கூலி வேலைக்குப் போக முடியாமற் போகின்றது. உள்ளங்கை அளவான ஒரு புண், ஒரு குடும்பத்தின் வருமானத்தையே தின்றுவிடுகின்றது.

இப்புண்ணை ஆற்றுவது மிகக் கடினம். ஆனால் பெரும்பாலான புண்களை வராமலே தடுக்கலாம். "நல்ல மெத்தை இல்லையே, நாம் என்ன செய்வது?" என்ற கேள்வியே சிறிய வைத்தியசாலைகளில் முதலில் எழுகின்றது. அக்கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது. வசதி குறைந்த வைத்தியசாலையில் மெத்தையை விடவும் அரிதான பொருள் ஒன்று உண்டு. இரவில் நோயாளரைத் திருப்பிப் படுக்கவைக்கும் கைகளே அவை. அந்தக் கைகளின் வேலையைக் குறைக்கும் சாதனமே நல்ல சாதனம்.

புண் எவ்வாறு உண்டாகின்றது?

நாம் உறக்கத்திலும் அசைகிறோம். ஒரே பக்கமாகக் கிடந்தால் உடம்பு நோகும். விழிக்காமலே புரண்டு படுப்போம். உணர்ச்சியற்றவருக்கு இந்த நோவு தெரியாது. பலமற்றவருக்கு நோவு தெரிந்தாலும் புரள முடியாது. எலும்பு துருத்தி நிற்கும் இடங்களில் உடலின் பாரம் முழுவதும் சிறிய பரப்பில் இறங்குகின்றது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே அகப்பட்ட தசையிலுள்ள நுண்ணிய குருதிக் குழாய்கள் நசுங்கி அடைபடுகின்றன. குருதி செல்லாத தசை சில மணித்தியாலங்களில் இறக்கத் தொடங்குகின்றது. பல வேளைகளில் எலும்பை ஒட்டிய தசையே முதலில் சேதமடைகின்றது. எனவே தோலில் சிறிய நிறமாற்றம் தெரியும்போதே உள்ளே பெரிய குழி உண்டாகிவிட்டிருக்கலாம்.

மல்லாந்து படுப்பவருக்கு முதுகின் அடிப்பகுதி எலும்பு, குதிக்கால், பிடரி, முழங்கை ஆகிய இடங்களும், பக்கவாட்டில் படுப்பவருக்கு இடுப்பின் பக்க எலும்பு, கணுக்கால், காது ஆகிய இடங்களும், இருப்பவருக்கு இருக்கை எலும்புகளும் ஆபத்தான இடங்கள் ஆகும்.

அமெரிக்க வைத்தியரான மைக்கேல் கோசியாக் 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனைகள் ஒரு முக்கிய உண்மையைக் காட்டின. கடும் அழுத்தம் குறுகிய நேரத்திற் செய்யும் சேதத்தை, குறைந்த அழுத்தம் நீண்ட நேரத்திற் செய்துவிடுகின்றது. ஆகவே புண்ணைத் தடுக்க இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, பாரத்தைப் பரந்த இடத்திற் பகிர்ந்து அழுத்தத்தைக் குறைப்பது. மற்றது, ஓர் இடம் பாரந் தாங்கும் நேரத்தைக் குறைப்பது. விலை கூடியதோ குறைந்ததோ, எல்லாச் சாதனங்களும் இவ்விரண்டில் ஒன்றையே செய்கின்றன.

இவற்றுடன் ஈரமும் இழுபடுதலும் சேர்ந்தால் ஆபத்துக் கூடும். சிறுநீரிலும் வியர்வையிலும் ஊறிய தோல் இலகுவில் உரியும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திவிட்டால் நோயாளர் மெல்ல மெல்லக் கீழே சறுக்குவார். தோல் விரிப்புடன் ஒட்டி நிற்க, எலும்பு கீழே நகரும். நடுவேயுள்ள குருதிக் குழாய்கள் இழுபட்டு அறும்.

தோலைப் பார்வையிடுவது பற்றியும் ஒரு சொல். "தோல் சிவந்தால் கவனிக்கவும்" என்று பாடநூல்கள் கூறும். வெள்ளைத் தோலை மனதிற்கொண்டு எழுதப்பட்ட அறிவுரை அது. எமது மக்களின் கரிய தோலில் சிவப்புத் தெரியாமலே போகலாம். சுற்றியுள்ள தோலை விடக் கறுத்தோ ஊதா நிறமாகவோ இருக்கிறதா, புறங்கையால் தொட்டால் சூடாக இருக்கிறதா, அழுத்தினால் கடினமாகவோ சொதசொதப்பாகவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்வையிடும் வேலையைத் துணைக்கு நிற்கும் உறவினருக்கும் கற்பிக்கலாம்.

மருந்து இல்லாமற் செய்த மாற்றம்

முள்ளந்தண்டு முறிந்து கால்கள் செயலிழந்த போர்வீரர்களைக் காப்பாற்ற முடியாது என்றே ஒரு காலத்தில் வைத்தியர்கள் எண்ணினர். அவர்களிற் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணினாலும் சிறுநீர்த் தொற்றினாலும் மாண்டனர். நாசி ஜேர்மனியிலிருந்து 1939இல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்த டொக்டர் லுட்விக் குட்மன், 1944 பெப்ரவரியில் ஸ்ரோக் மண்டெவில் வைத்தியசாலையில் இவர்களுக்கான பிரிவொன்றைத் தொடங்கினார். இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் திருப்பிப் படுக்கவைக்கும்படி அவர் கட்டளையிட்டார். எலும்பு துருத்தும் இடங்கள் பாரந் தாங்காதபடி றப்பர்ப் பொதிகளை அடுக்கினார். இறப்பதற்கென ஒதுக்கப்பட்டவர்கள் சக்கர நாற்காலியில் ஏறி வேலைக்குத் திரும்பினர்.

எமது நிலைக்கு நெருங்கிய உதாரணம் பங்களாதேசத்தில் உள்ளது. அங்கும் மரத்திலிருந்து விழுந்தும், தலையிற் பாரஞ் சுமந்து இடறியும் முள்ளந்தண்டு முறிபவர்கள் பலர். பிரித்தானிய இயன்மருத்துவரான வலரி ரெய்லர், 1979ஆம் ஆண்டில் டாக்காவிலுள்ள ஒரு வைத்தியசாலை வளவில், கைவிடப்பட்ட இரண்டு சீமெந்துக் களஞ்சியங்களில் நான்கு நோயாளருடன் ஒரு புனர்வாழ்வு நிலையத்தைத் தொடங்கினார். 1990இல் அது சாவார் என்னுமிடத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று அந்நாட்டின் முதன்மையான நிலையமாக வளர்ந்துள்ளது. வீடு திரும்புமுன் நோயாளர் கிராமத்து வீட்டைப் போன்ற விடுதியில் தங்கிப் பழகுகின்றனர். வைத்தியசாலையிற் கற்றதை வீட்டுத் திண்ணையிலும் செய்ய முடியாவிட்டால் புண் மீண்டும் வரும் என்பதை அவர்கள் அறிவர்.

இரவு விடுதியின் கணக்கு

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்புங்கள் என்று சொல்வது எளிது. கணக்கைப் பார்ப்போம். ஒரு நோயாளர் விடுதியில் தாமாக அசைய முடியாத எட்டுப் பேர் இருந்தால், நாளொன்றுக்கு ஒருவருக்குப் பன்னிரண்டு தடவையாக 96 தடவைகள் திருப்ப வேண்டும். ஒரு தடவைக்கு இருவர் ஐந்து நிமிடம் செலவிட்டால், இருவருக்கும் எட்டு மணித்தியால வேலை இதற்கே போய்விடும். நாற்பது பேர் படுத்திருக்கும் விடுதியில் ஒரு தாதியும் ஒரு சிற்றூழியரும் மட்டும் இரவுக் கடமையில் இருந்தால் இது நடக்குமா? நடக்காத கட்டளை சுவரில் தொங்கும் தாளில் மட்டுமே நிறைவேறும்.

இக்கணக்கைச் சுருக்க மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, யாருக்கு ஆபத்து என்று கண்டறிவது. இங்கிலாந்தின் தாதி டொரீன் நோர்ட்டன், முதியோரைப் பராமரித்து நடத்திய ஆய்வை 1962இல் வெளியிட்டார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், மலசலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் நான்கு வரை புள்ளி இடுவது அவரது முறை. மொத்தம் 14 அல்லது அதற்குக் குறைவாக வந்தால் ஆபத்து. பென்சிலும் தாளும் போதும். விடுதியில் மூன்று நல்ல மெத்தைகள் மட்டுமே இருந்தால் அவை யாருக்கு என்பதை இது சொல்லிவிடும்.

இரண்டாவது, நல்ல ஃபோம் மெத்தை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் இல்லங்களில் 942 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்று 2013இல் வெளியாகியது. அடர்த்தி கூடிய ஃபோம் மெத்தையிற் படுத்திருந்தவர்களை இரண்டு, மூன்று, நான்கு மணித்தியாலங்களுக்கு ஒருமுறை திருப்பிய குழுக்களிடையே, புண் உண்டானதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நான்கு மணித்தியால இடைவெளி என்றால் மேற்சொன்ன எட்டு மணித்தியால வேலை நான்காகக் குறைகின்றது. ஆயினும் குழிவிழுந்த பழைய மெத்தைக்கும், முள்ளந்தண்டு முறிந்து உணர்ச்சி இழந்தவருக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு இரண்டு மணித்தியாலக் கணக்கையே கைக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, சிறிதளவு சாய்த்தல். நோயாளரை முழுவதுமாகப் பக்கவாட்டிற் படுக்கவைத்தால் இடுப்பின் பக்க எலும்பு முழுப் பாரத்தையும் தாங்கும். முப்பது பாகை மட்டும் சாய்த்து முதுகுக்குப் பின்னால் ஓர் ஆப்புத் தலையணையை வைத்தால், அந்த எலும்பும் முதுகின் அடி எலும்பும் ஆகிய இரண்டுமே தப்பும். பாரம் சதைப்பற்றுள்ள இடத்தில் இறங்கும். அயர்லாந்தில் 213 முதியோரிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், இரவில் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை இவ்வாறு சாய்க்கப்பட்டவர்களில் 3 சதவீதத்தினருக்கே புண் வந்தது. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை முழுப் பக்கவாட்டில் திருப்பப்பட்டவர்களில் 11 சதவீதத்தினருக்கு வந்தது. மெலிந்த நோயாளரை இவ்வாறு சாய்க்க ஒருவரே போதும்.

காற்றடிக்கும் மின் மெத்தை பற்றி

குழாய்களில் மாறி மாறிக் காற்று நிரப்பும் மின் மெத்தை ஒன்றை நன்கொடையாகப் பெறுவதே தீர்வு எனப் பலர் நினைக்கின்றனர். பிரித்தானியாவில் 2029 நோயாளரிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வு 2019இல் வெளியானது. தரமான ஃபோம் மெத்தையிற் படுத்தவர்களில் 8.9 சதவீதத்தினருக்கும், மின் மெத்தையிற் படுத்தவர்களில் 6.9 சதவீதத்தினருக்கும் புதிய புண் உண்டானது. அவ்வளவு சிறிய வேறுபாடு தற்செயலாகவும் நேரலாம் என்பதால், மின் மெத்தையே மேலானது என்று அந்த ஆய்வினால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் எமது நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. மின்சாரம் நின்றாலோ குழாய் ஓட்டையானாலோ காற்று இறங்கி, நோயாளர் கட்டிலின் பலகையிலேயே கிடப்பார். பழுதானபின் உதிரிப்பாகம் கிடைக்காமல் களஞ்சியத்தில் ஒதுக்கப்படும் சாதனம் யாருக்கும் பயனில்லை. எனவே எந்தச் சாதனத்தை வாங்குமுன்னும் செய்யுமுன்னும் ஐந்து கேள்விகளைக் கேட்போம்:

1. மின்சாரம் இல்லாமல் பயன்படுமா?
2. இரவில் ஒருவர் தனியே கையாள முடியுமா?
3. சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவி விரைவில் உலர்த்த முடியுமா?
4. அருகிலுள்ள தையற்காரரோ தச்சரோ திருத்துவாரா?
5. பழுதானால் நோயாளருக்குத் தீங்கு செய்யாதிருக்குமா?

நாமே செய்யக்கூடியவை

மெத்தை: தென்னந்தும்பும் இறப்பரும் எமது நாட்டிலேயே உண்டு. அடியில் உறுதியான தும்புப் படையும், மேலே மென்மையான ஃபோம் படையும் கொண்ட மெத்தையை உள்ளூரிலேயே செய்விக்கலாம். தடிப்பை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. நிறை குறைந்த மலிவான ஃபோம் சில மாதங்களில் நசிந்துவிடும். நோயாளர் படுத்திருக்கும்போது இடுப்பின் கீழே, மெத்தைக்கு அடியில் உள்ளங்கை மேலே பார்க்கக் கையைச் செலுத்துங்கள். எலும்பு கையில் தட்டுப்பட்டால், அல்லது நசியாத ஃபோம் ஓர் அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால், அந்த மெத்தையை மாற்ற வேண்டும்.

தடித்த ஃபோமின் மேற்பரப்பில், பாண் வெட்டும் நீண்ட கத்தியால் குறுக்கும் நெடுக்குமாக 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் கோடுகள் வெட்டினால் சிறு சிறு கட்டங்களாகப் பிரியும். ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே அமிழ்வதால் உடலின் மேடு பள்ளங்களுக்கு ஏற்ப மெத்தை வளைந்து கொடுக்கும். மெத்தையை மூன்று துண்டுகளாகச் செய்து ஒரே உறையில் இட்டால், நடுத்துண்டு நனைந்து பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். துண்டுகளை நெருக்கி வைக்க வேண்டும். இடைவெளி முதுகின் அடியில் வரக்கூடாது.

உறை: தடித்த றெக்சின் உறையை இறுக்கித் தைத்தால், கீழே எவ்வளவு நல்ல ஃபோம் இருந்தும் பயனில்லை. இறுகிய உறை ஊஞ்சற் சீலையைப் போல உடலைத் தாங்கி, ஃபோமினுள் அமிழ விடாது, வியர்வையும் தேங்கும். நீர் புகாத, ஆனால் இழுபட்டுக் கொடுக்கும் மெல்லிய துணியைத் தளர்வாகத் தைத்து, கழற்றிக் கழுவக்கூடியதாக வைப்பது நல்லது. விரிப்பையும் மடிப்பின்றி, ஆனால் மிக இறுக்காமல் விரிக்க வேண்டும்.

ஆப்புத் தலையணை: முப்பது பாகைச் சரிவுக்குச் சூத்திரம் எளிது. சரிவான முகத்தின் நீளம் 40 சென்ரிமீற்றராக இருந்தால் உயரம் 20 சென்ரிமீற்றராக இருக்க வேண்டும். நோயாளரின் தோளிலிருந்து இடுப்பு வரை எட்டும் நீளத்தில் ஃபோமை வெட்டி, கழுவக்கூடிய உறை இடுங்கள். கட்டிலுக்கு இரண்டு வேண்டும். ஒன்று வெயிலில் உலரும்போது மற்றது பயன்படும்.

குதிக்கால்: கெண்டைக்கால் முழுவதும் தாங்கும்படி ஒரு தலையணையை நீளவாக்கில் வைத்து, முழங்காலைச் சற்று மடிந்தபடி விடுங்கள். குதிக்கால் தலையணையின் விளிம்புக்கு வெளியே அந்தரத்தில் நிற்க வேண்டும். அதன் கீழே ஒரு தாளைத் தடையின்றி இழுக்க முடிந்தால் சரி. வைத்தியசாலையில் இதனினும் மலிவான தடுப்பு முறை வேறொன்றுமில்லை.

சுவர்க் கடிகாரம்: அட்டையில் ஒரு கடிகார முகத்தை வரைந்து, எந்த மணிக்கு வலம், எந்த மணிக்கு மல்லாந்து, எந்த மணிக்கு இடம் என்று படமாகக் குறித்துக் கட்டிலின் தலைமாட்டில் தொங்கவிடலாம். வாசிக்கத் தெரியாத உறவினரும் இதைப் பின்பற்றுவர்.

சக்கர நாற்காலித் திண்டு: மெக்சிக்கோவின் மலைக் கிராமமான அஹோயாவில் ஊனமுற்றவர்களே நடத்திய நிலையத்தின் அனுபவங்களை, டேவிட் வேர்னர் 1987இல் வெளியான தமது நூலில் எழுதியுள்ளார். அட்டைகளை அடுக்கி நனைத்து, அதன்மேல் ஆளை இருக்கவைத்து, உடலின் வடிவம் பதிந்தபின் உலரவிட்டு, மேலே ஃபோம் இட்டுத் திண்டு செய்வது அவற்றில் ஒன்று. இருப்பவர் எத்தகைய திண்டைப் பாவித்தாலும், கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை முன்னே குனிந்தோ பக்கம் சாய்ந்தோ ஓரிரு நிமிடம் இருக்கை எலும்புகளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

நல்லெண்ணத்துடன் செய்யும் தீங்குகள்

தண்ணீர் நிரப்பிய றப்பர்க் கையுறையைக் குதிக்காலின் கீழ் வைப்பது எம்மிடையே இன்றும் காணப்படும் வழக்கம். அது சிறிய பரப்பிலேயே பாரத்தைத் தாங்குகின்றது, நழுவியும் போகின்றது. சேலைன் பைகளும் அவ்வாறே. காற்றடித்த ரியூப்பையோ துணிச் சும்மாட்டையோ வளையமாக இடுப்பின் கீழ் வைப்பது இன்னும் கெடுதல். நடுவிலுள்ள தோல் பாரந் தாங்காது என்பது உண்மை. ஆனால் வளையத்தின் விளிம்பு சுற்றியுள்ள குருதிக் குழாய்களை நசித்து, நடுப்பகுதிக்குக் குருதி வராமற் செய்துவிடும். 2014இலும் 2019இலும் வெளியான சர்வதேச வழிகாட்டிகள் வளையங்களைத் தவிர்க்கும்படி கூறுகின்றன.

நிறம் மாறிய இடத்தை எண்ணெயோ ஸ்பிரிட்டோ இட்டுத் தேய்ப்பதும் கூடாது. ஏற்கெனவே நலிந்த தசை அதனால் மேலும் சிதையும். அவ்விடத்தில் பாரம் படாமல் வைப்பதே சிகிச்சை. கட்டிலின் தலைப்பக்கத்தை உணவு நேரம் தவிர முப்பது பாகைக்கு மேல் உயர்த்தாதிருப்பதும், நோயாளரை இழுக்காமல் இருவர் விரிப்புடன் தூக்கி நகர்த்துவதும் நன்று.

முதல் மணித்தியாலங்கள்

முள்ளந்தண்டு முறிந்தவர் சிறிய வைத்தியசாலையிலிருந்து தூரத்துப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பப்படும்போது, கடினமான பலகையில் பல மணித்தியாலங்கள் அசையாமற் கிடக்கலாம். புண்ணின் தொடக்கம் பல வேளைகளில் அந்தப் பயணத்திலேயே நேர்கின்றது. பலகை தூக்கி ஏற்றுவதற்கானது; படுத்திருப்பதற்கானதல்ல. வைத்தியரின் ஆலோசனையுடன் விரைவில் மெத்தைக்கு மாற்ற வேண்டும். பின்பொக்கெற்றிலுள்ள சாவியையும் நாணயத்தையும் எடுத்துவிட வேண்டும். இத்தகையவரைத் திருப்புவதற்கு மூவர் அல்லது நால்வர் சேர்ந்து, தலை, உடல், கால் யாவும் மரக்குற்றியைப் போல ஒன்றாகத் திரும்பும்படி, வைத்தியரும் தாதியும் காட்டிய முறையிலேயே செய்ய வேண்டும்.

உணவையும் மறக்கலாகாது. உடலிற் சதை வற்றினால் எலும்பு மேலும் துருத்தும். முட்டை, பருப்பு, நெத்தலிக் கருவாடு, சோயா, கீரை ஆகியவற்றை வசதிக்கேற்பக் கொடுப்போம். போதிய தண்ணீரும் கொடுப்போம். சிறுநீரக நோயுள்ளவருக்கு மட்டும் வைத்தியரைக் கேட்டுக் கொடுக்க வேண்டும்.

எமது சங்கங்கள் என்ன செய்யலாம்?

கிராமத்து மாதர் சங்கத்தில் தையல் இயந்திரம் உண்டு. தும்புத் தொழில் செய்பவர்கள் உண்டு. தச்சர் உண்டு. இவர்களிற் சிலர் முதலில் அருகிலுள்ள வைத்தியசாலையின் விடுதிப் பொறுப்புத் தாதியைச் சந்தித்து, எத்தனை பேர் அசையாமற் கிடக்கின்றனர், இரவில் எத்தனை பேர் கடமையில் உள்ளனர், எப்பொருள் விரைவிற் பழுதாகின்றது என்று கேட்டறிய வேண்டும். செய்து முடித்தபின் அதன்மேல் தாமே ஒரு மணித்தியாலம் அசையாமற் படுத்துப் பார்க்க வேண்டும். எங்கே நோகின்றதோ அங்கேதான் நோயாளருக்குப் புண் வரும். பின்பு ஓரிரு கட்டில்களுக்கு மட்டும் கொடுத்து, ஒரு மாதம் கழித்துத் தாதியிடமும் துணைக்கு நின்றவரிடமும் குறை கேட்டுத் திருத்தி, அதன் பின்னரே ஏனைய கட்டில்களுக்குச் செய்வது நல்லது.

துணைக்கு நிற்பவர் பெரும்பாலும் பெண்ணே. தரையிற் பாய் விரித்துப் படுத்து, இரவில் பலமுறை எழும்பி நோயாளரைத் திருப்புபவர் அவர். சாய்ப்பதற்கு ஓர் ஆப்பையும், பார்ப்பதற்கு ஒரு கடிகாரப் படத்தையும் அவருக்குக் கொடுத்து, முதல் நாளிலேயே செய்முறையைக் கற்பித்தால், அவரது முதுகும் தப்பும், நோயாளரின் தோலும் தப்பும். அவர் வீடு திரும்பும்போது ஆப்பும் அவருடன் செல்லட்டும். வைத்தியசாலைக்கு இன்னொன்றை நாம் தைத்துக் கொடுப்போம்.